வில்லையா, ஆடியா, ஸ்மார்ட் பெட்டியா? வானத்தைப் படமெடுக்க எதைத் தேர்ந்தெடுப்பது

ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தை முதன்முதலில் படமெடுத்தவர் ஹென்றி டிரேப்பர் என்ற அமெரிக்க மருத்துவர். 1880 செப்டம்பர் 30 அன்று, 28 செ.மீ. விட்டமுள்ள வில்லைத் தொலைநோக்கியில், சுமார் 50 நிமிட எக்ஸ்போஷர். அடுத்து 1883இல் ஆண்ட்ரூ காமன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 91 செ.மீ. ஆடி கொண்ட தொலைநோக்கியால் அதே நெபுலாவை எடுத்தார். கண் வைத்துப் பார்த்தவர் எவருக்கும் தெரியாத நட்சத்திரங்கள் அதில் பதிந்திருந்தன. 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் 51 செ.மீ. ஆடியால் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் சுருள் வடிவத்தைப் பதிவு செய்தார். மூவருக்குமே வானியல் ஆசைதான், பிழைப்பு அல்ல. வில்லையா ஆடியா என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. போதாக்குறைக்கு ஸ்மார்ட் தொலைநோக்கி என்று மூன்றாவதாக ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது.

வாங்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது விட்டத்தைத்தான். "எட்டு இஞ்ச் போதுமா, பத்து இஞ்ச் வேண்டுமா?" கண்ணால் பார்ப்பதற்கு அது நியாயமான கேள்வி. கண் ஒளியைச் சேமித்து வைக்காது. அந்தக் கணத்தில் விழும் ஒளிதான் கணக்கு என்பதால் வாய் அகலமாக இருந்தால்தான் காட்சி துலங்கும். சென்சார் அப்படியல்ல, மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துக்கொண்டே போகும். 6 செ.மீ. வில்லை ஓர் இரவு முழுக்க ஒரே இடத்தை நோக்கியிருந்தால், 30 செ.மீ. ஆடியில் கண் வைப்பவருக்குத் தெரியாத நிறமும் இழையும் படத்தில் வந்துவிடும். ஆகவே படமெடுக்க வருபவர் விட்டத்தைக் கடைசியாகப் பேசலாம். எதைப் படமெடுக்க ஆசை, எப்படிப்பட்ட வானம் வாய்த்திருக்கிறது, எவ்வளவு எடையைத் தூக்க முடியும், எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பதையெல்லாம் முதலில் தீர்த்துக்கொண்டால் பட்டியலில் பாதிக் கருவிகள் தாமாகவே கழன்றுவிடும்.

ஆசைப்படும் பொருள் எவ்வளவு பெரிது?

நிலா வானத்தில் அரை டிகிரி அகலம். ஆண்ட்ரோமெடா அதைப்போல் ஆறு மடங்கு, ஏறத்தாழ 3 டிகிரி நீளம். மங்கலாக இருப்பதால் அவ்வளவு பெரிது என்று நமக்கு உறைப்பதில்லை. வட அமெரிக்க நெபுலா ஏறத்தாழ 2 டிகிரி. ரோசெட் நெபுலா ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம். மறுபக்கம், லைரா மண்டலத்து வளைய நெபுலா நிலாவின் அகலத்தில் இருபதில் ஒரு பங்குதான். வியாழன் அதைவிடச் சிறியது, பூமிக்கு மிக அருகில் வரும்போதும் 50 ஆர்க் செகண்ட் அளவில்தான் தெரியும். ஒரு டிகிரிக்கு 3,600 ஆர்க் செகண்ட் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சென்சாரின் அகலத்தைத் தொலைநோக்கியின் குவியத் தொலைவால் (வில்லை அல்லது ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள தூரம்) வகுத்து 57.3ஆல் பெருக்கினால் படத்தில் எத்தனை டிகிரி வானம் விழும் என்று தெரிந்துவிடும். 23.5 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரை 400 மி.மீ. குவியத் தொலைவில் பொருத்தினால் 3.4 டிகிரி. ஆண்ட்ரோமெடா முழுசாக உட்காரும். 1,000 மி.மீ. என்றால் 1.3 டிகிரி. 2,000 மி.மீ. என்றால் 0.7 டிகிரி, நிலாவின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். புதியவரை இந்தப் பக்கம் இழுத்த புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவை 250 முதல் 600 மி.மீ.க்குள் எடுக்கக்கூடியவை. நீர்ச்சுழி விண்மீன் மண்டலம் போன்ற 11 ஆர்க் நிமிடப் பொருள்களுக்குத்தான் 800, 1,000 என்று நீள வேண்டியிருக்கும்.

தொலைநோக்கிக்கு முன்னால் மவுண்ட்

நான் இங்கே சொல்ல வந்ததில் ஒன்று மட்டும் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான்: கையில் இருக்கும் தொகையில் பாதிக்கு மேல் மவுண்டுக்கு, அதாவது தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அடித்தளத்துக்குப் போகட்டும். வானம் நொடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து, துருவத்தை நோக்கிய அச்சில் தொலைநோக்கியைத் திருப்புவது ஈக்குவடோரியல் மவுண்டின் வேலை. பல்சக்கரம் எவ்வளவு துல்லியமாகக் கடைந்ததாக இருந்தாலும் ஒரு சீராகச் சுற்றாது, முன்னும் பின்னும் சற்றே தள்ளாடும்.

அந்தத் தள்ளாட்டம் படத்தில் தெரியுமா தெரியாதா என்பதைத் தீர்மானிப்பது குவியத் தொலைவு. இன்று பரவலாக உள்ள 3.76 மைக்ரான் பிக்சல் ஒன்று 400 மி.மீ.யில் 1.9 ஆர்க் செகண்ட் வானத்தைப் பிடிக்கிறது. 2,000 மி.மீ.யில் 0.39 ஆர்க் செகண்ட். ஒரு ஆர்க் செகண்ட் தள்ளாட்டம் முதலாவதில் அரை பிக்சலுக்குள் அமுங்கிப்போகும், இரண்டாவதில் இரண்டரை பிக்சலுக்கு இழுபட்டு நட்சத்திரம் முட்டையாகும். அதே மவுண்ட், அதே இரவு. இதோடு வளிமண்டலமும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண இரவுகளில் காற்றின் அலைப்பு நட்சத்திரத்தை 2 முதல் 4 ஆர்க் செகண்ட் வரை கரைத்துவிடுவதால், 0.39 ஆர்க் செகண்ட் பிக்சலுக்கு உண்டான நுணுக்கம் வானத்திலிருந்து இறங்கி வருவதே இல்லை. நீளமான கருவி வாங்கியவர் மவுண்டோடு சண்டையிட்டுக் கடைசியில் பெறும் கூர்மை, நடுத்தர நீளமுள்ள கருவி தருவதைவிடப் பெரிதாக ஒன்றும் கூடியிருக்காது.

மவுண்டுகளிலும் இரண்டு வழி உண்டு. ஹெச்இக்யூ5, இக்யூ6-ஆர் போன்ற பழைய பாணி வார்ம் கியர் மவுண்டுகள் கனமானவை, எதிர் எடை கட்டாயம், ஆனால் நடத்தை தெரிந்தவை. இசட்டபிள்யூஓ ஏஎம்5 போன்ற ஹார்மோனிக் டிரைவ் மவுண்டுகள் 5 கிலோ அளவில் இருந்துகொண்டு அதைவிட இரு மடங்குக்கு மேற்பட்ட பாரத்தை எதிர் எடை இல்லாமலே தாங்குகின்றன. இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை? இவற்றின் இயல்பான தள்ளாட்டம் அதிகம், ஆட்டோகைடிங் இல்லாமல் நீண்ட எக்ஸ்போஷருக்கு ஆகாது. ஒரு சிறு வழிகாட்டிக் குழாயும் அதில் ஒரு கேமராவும் வைத்து, பிஎச்டி2 போன்ற மென்பொருளால் நொடிக்கொரு முறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எப்படியும் கைடிங் செய்யத்தான் போகிறோம் என்பதால் எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. இந்த ஆசை முப்பது நாற்பது வருடம் கூடவே வரக்கூடியது. இளமையில் அலட்சியமாகத் தூக்கிய இரும்பை இடுப்பு ஒருநாள் வேண்டாம் என்று சொல்லும். அன்றைக்கு ஐந்து கிலோவின் அருமை புரியும்.

எந்த மவுண்ட் வாங்கினாலும், தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கும் எடையில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் படமெடுக்க ஏற்றலாம். மிச்சம் காற்றுக்கு.

சிறிய வில்லைத் தொலைநோக்கி

60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள அபோகுரோமாட். சாதாரண வில்லை நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் வெவ்வேறு இடத்தில் குவிப்பதால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா வளையம் விழும். அபோகுரோமாட்டில் எஃப்பிஎல்-53 போன்ற விசேஷக் கண்ணாடி சேர்ந்து அந்த வளையத்தை ஏறக்குறைய இல்லாமல் செய்துவிடுகிறது. மூலைகளில் நட்சத்திரங்கள் நீளாமலிருக்க ஃபீல்ட் ஃபிளாட்னர் ஒன்று தனியாக வேண்டும். பெட்ஸ்வல் வகையில் அது உள்ளேயே இருக்கும். ஆடிகளை ஒரே நேர்கோட்டில் சரிசெய்யும் கொலிமேஷன் என்ற தலைவலி இல்லை. மூன்று கிலோ அளவில் நிற்பதால் சிறிய மவுண்ட் போதும். வெளியே கொண்டுபோய் வைத்தால் சீக்கிரம் குளிர்ந்து தயாராகிவிடும்.

சிறிய வில்லையால் என்ன சாதித்துவிட முடியும் என்று கேட்பவருக்கு ஒரு பதில் உண்டு. மனிதர் அதிகம் படமெடுத்த விண்மீன் மண்டலம் ஆண்ட்ரோமெடாவாகத்தான் இருக்க வேண்டும். அதன் அருகே ஆக்சிஜன் ஒளியை உமிழும் ஒரு நீண்ட வில் இருப்பது 2023 ஜனவரியில்தான் அறிவிக்கப்பட்டது. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர், யான் செய்ன்டி என்ற மூன்று ஆர்வலர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. செய்ன்டி பயன்படுத்தியது 10.6 செ.மீ. விட்டமுள்ள தகாஹாஷி வில்லைத் தொலைநோக்கி, மொத்த எக்ஸ்போஷர் நூறு மணி நேரத்துக்கு மேல். பெரிய தொலைநோக்கிகள் அத்தனை அகலமான, அத்தனை மங்கலான பொருளைத் தேடிப் பார்க்கவே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஒரே விட்டத்துக்கு வில்லைதான் விலை அதிகம். 80 மி.மீ.க்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பர்ஸைக் கடிக்கும். கோள்களைப் படமெடுக்க இது போதாது.

நியூட்டோனியன்

கொடுக்கும் பணத்துக்கு அதிக ஒளி தருவது ஆடிதான். 150 அல்லது 200 மி.மீ. விட்டம், எஃப்/4 அல்லது எஃப்/5 (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண், அது சிறியதாக இருந்தால் படம் வேகமாகப் பதியும்). எஃப்/6 வில்லையில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் படத்துக்கு எஃப்/4 ஆடியில் ஒரு மணிக்கும் குறைவாகவே போதும், பிக்சல் அளவு ஒன்றாக இருந்தால். நிறப்பிழை என்பதே கிடையாது. நட்சத்திரங்களில் நான்கு முனைச் சிலுவை விழும், அது சிலருக்கு அழகு, சிலருக்கு எரிச்சல்.

ஆனால் இது பராமரிப்பு கேட்கும் கருவி. எஃப்/4இல் கொலிமேஷன் துளி விலகினாலும் படத்தின் ஒரு பக்கம் கலங்கும். மூலைகளில் நட்சத்திரங்களுக்கு வால் முளைக்காமலிருக்க கோமா கரெக்டர் கட்டாயம், அதற்கும் சென்சாருக்கும் நடுவே பெரும்பாலும் 55 மி.மீ. இடைவெளி மில்லிமீட்டர் பிசகாமல் இருக்க வேண்டும். 200 மி.மீ. எஃப்/5 குழாய் ஒரு மீட்டர் நீளம், காற்றடித்தால் பாய்மரம். பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட நியூட்டோனியன்கள் பலவற்றில் கேமராவை மாட்டினால் குவியம் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும், ஃபோகஸே கிடைக்காது. வாங்கும்போது படமெடுக்கும் மாதிரியா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

கருவியோடு கைவேலை செய்வதே சுகம் என்பவருக்கு இதைவிட நல்ல துணை இல்லை. 2016 செப்டம்பர் 20 இரவு, விக்டர் புசோ என்ற அர்ஜென்டினா ஆர்வலர் தன் 40 செ.மீ. நியூட்டோனியனில் புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். என்ஜிசி 613 என்ற விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்து ஒளி வெளியே கிளம்பும் முதல் கணங்கள் அவருடைய அடுத்தடுத்த படங்களில் பதிந்தன. அதிர்ஷ்டம்தான். என்றாலும் குறுகிய எக்ஸ்போஷரிலேயே அந்த மங்கலான புள்ளி பதிய அவ்வளவு பெரிய ஆடி வேண்டியிருந்தது.

ஷ்மிட்-காஸ்கிரெய்ன்

முன்னால் மெல்லிய கண்ணாடியும் உள்ளே இரண்டு ஆடிகளும் கொண்ட வகை, செலஸ்ட்ரான் சி8 போன்றவை. 203 மி.மீ. விட்டம், 2,032 மி.மீ. குவியத் தொலைவு, குழாயோ கைக்குள் அடங்கும் நீளம். "எல்லாவற்றுக்கும் ஒரே கருவி" என்று விற்கப்படுவதால் பலருடைய முதல் தொலைநோக்கி இதுவாகிவிடுகிறது. பார்ப்பதற்கும், நிலாவுக்கும், கோள்களுக்கும் அருமை. நெபுலாக்களைப் படமெடுக்க முதல் கருவியாக இதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காரணம் மேலே மவுண்ட் கணக்கிலேயே இருக்கிறது. குவியத் தொலைவைக் குறைக்கும் எஃப்/6.3 ரெடியூசர் போட்டாலும் 1,280 மி.மீ. வரும். ரெடியூசர் இல்லாமல் எஃப்/10இல் எடுத்தால் எஃப்/5ஐப்போல் நான்கு மடங்கு நேரம். உள்ளே ஆடி நகர்ந்து ஃபோகஸ் ஆகும் அமைப்பு என்பதால் தொலைநோக்கி சாயும்போது ஆடி நூலிழை அசையும். முன்பக்கக் கண்ணாடியில் பனி படியும். அனுபவம் வந்தபின் சின்னச்சின்ன விண்மீன் மண்டலங்களுக்கு இரண்டாவது கருவியாக வரட்டும்.

கோள்கள் மட்டும் போதும் என்றால்

இங்கே எல்லாக் கணக்கும் தலைகீழ். வியாழனும் சனியும் பிரகாசமானவை, நீண்ட எக்ஸ்போஷர் தேவையில்லை. ஆயிரக்கணக்கான ஃபிரேம்கள் கொண்ட வீடியோ எடுத்து, காற்று ஒரு நொடி அடங்கியபோது விழுந்த நல்ல ஃபிரேம்களை மட்டும் ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருளால் பொறுக்கி அடுக்குகிறார்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் வீடியோவை இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். ஒளி மாசு ஒரு பொருட்டே அல்ல. நகரத்து மொட்டை மாடியும் போதும். விட்டம்தான் இங்கே ராஜா. ஆகவே பெரிய ஷ்மிட்-காஸ்கிரெய்ன் அல்லது டாப்சோனியன் (கையால் திருப்பும் எளிய தாங்கியில் அமர்ந்த நியூட்டோனியன்). டாப்சோனியன் வானத்தைப் பின்தொடராவிட்டாலும் கோளைச் சட்டகத்தின் குறுக்கே ஓடவிட்டு எடுத்துக்கொள்ளலாம். 2009 ஜூலை 19 அன்று வியாழனின் தென் துருவத்தருகே ஏதோ மோதிய கருந்தழும்பை முதலில் கண்டவர் ஆஸ்திரேலிய ஆர்வலர் ஆன்டனி வெஸ்லி. கருவி, 37 செ.மீ. நியூட்டோனியன்.

கேமராவும் டிராக்கரும்

ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவருக்கு மிக மலிவான வாசல் இதுதான். வானத்தின் ஓட்டத்தோடு கேமராவைத் திருப்பும் ஸ்டார் அட்வெஞ்சரர் போன்ற சிறு டிராக்கரில் 135 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் பத்து டிகிரி வானம், இரண்டு மூன்று நிமிட எக்ஸ்போஷர். துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சரிசெய்வது, அடுக்குவது, படத்தை இழுத்து விரிப்பது எல்லாவற்றையும் இதிலேயே பழகிக்கொள்ளலாம். சாதாரண கேமராவின் உள்ளிருக்கும் வடிகட்டி 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பின் பெரும்பகுதியை நிறுத்திவிடும், அதனால் நெபுலாக்கள் வெளுத்துத் தெரியும். விண்மீன் மண்டலங்களுக்கும் வால் நட்சத்திரங்களுக்கும் அது தடையில்லை.

ஸ்மார்ட் தொலைநோக்கி

2023இல் வந்த சீஸ்டார் எஸ்50 சந்தையைப் புரட்டிப்போட்டது. 50 மி.மீ. வில்லை, 250 மி.மீ. குவியத் தொலைவு, கேமரா, மோட்டார், ஃபோகஸர், கணினி எல்லாம் இரண்டரை கிலோ பெட்டிக்குள். செல்போனில் பொருளைத் தொட்டால் தானே தேடிப்பிடித்து, பத்து பத்து நொடிப் படங்களாக எடுத்து அடுக்கித் தந்துவிடுகிறது. அடுக்கும் மென்பொருள் இத்தனை நாள் நம்மிடம் கேட்ட பொறுமையை இது கேட்பதில்லை.

பழைய ஆட்கள் பலர் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர் அந்த ஒரு மணியை முக்காலி மட்டம் பார்ப்பதிலேயே செலவழிக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் எல்லைகளைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சென்சார் சிறியது, இரண்டு மெகாபிக்சல், ஒரு சட்டகத்தில் 1.3க்கு 0.7 டிகிரிதான் விழும். ஆண்ட்ரோமெடா அடங்காது, துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். சும்மா மட்டமாக வைத்து எடுத்தால் வானம் சட்டகத்துக்குள் சுழல்வதால் எக்ஸ்போஷரை நீட்ட முடியாது. கோள்கள் பொட்டுதான். கேமராவை மட்டும் மாற்றுவோம், லென்ஸை மட்டும் மாற்றுவோம் என்பதற்கு வழியே இல்லை, வாங்கியதுதான் கடைசி. அடுத்த படிக்கு ஏற ஆசை வரும்போது பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

வேறு கண்டத்திலிருக்கும் தொலைநோக்கியை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுத்து இணையம் வழியாக இயக்குவதும் உண்டு. படங்கள் அபாரமாக வரும். செயலாக்கம் மட்டுமே பிடிக்கும் என்பவருக்குப் பொருந்தும். தொலைநோக்கியைத் தொடுவதில்தான் ஆசையே என்பவருக்கு இது எதற்கு?

தலைக்கு மேலிருக்கும் வானம்

ஜான் போர்ட்டில் 2001இல் வகுத்த ஒன்பது படி அளவுகோலில் 1 என்பது கும்மிருட்டு, 9 என்பது நகரின் நடுமையம். 8இலோ 9இலோ குடியிருப்பவர் விண்மீன் மண்டலங்களுக்கென்று கருவி வாங்குவது வீண் செலவு. அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியிருப்பதால் வடிகட்டிக் காப்பாற்ற முடியாது. நெபுலாக்களுக்கு வழி உண்டு. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் முக்கியமாக ஒளிர்வதால், அந்த இரண்டை மட்டும் விடும் இரட்டைக் குறும்பட்டை வடிகட்டி ஒன்று நகரத்து வானத்தையே பாதி கறுப்பாக்கிவிடும். ஆக, நகரவாசிக்கு இரண்டு வழி: குவியத் தொலைவு குறைந்த வில்லையும் வடிகட்டியும், அல்லது பெரிய ஆடியும் கோள்களும். இருட்டான இடத்துக்குப் போய்வர முடிந்தவருக்கு எடைதான் முதல் கேள்வி, டிராக்கரோ சிறு அபோகுரோமாட்டோ ஜெயிக்கும்.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு தொகுதி என்ற நிபந்தனையில், 400 மி.மீ. அளவிலான சிறு அபோகுரோமாட், ஹார்மோனிக் மவுண்ட், நிறக் கேமரா, இரட்டை வடிகட்டி. நியூட்டோனியனின் வேகத்துக்கு மனம் அலையத்தான் செய்யும். ஆனால் அடுக்கிய படத்தில் இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். அத்தனை மணி நேரத்தையும் மாதக்கணக்கில் சேர்க்க, வெளியே எடுத்துவைக்க அலுக்காத கருவிதான் உதவும். கூடவே கேமரா மாட்டாத ஒரு டாப்சோனியன் வைத்துக்கொள்ள முடிந்தால் உத்தமம். படம் பதிவாகிக்கொண்டிருக்கும் மூன்று மணி நேரத்தில் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதில் சனியைக் கண்ணால் பார்க்கலாம்.

பழையதாக வாங்குவதில் தவறில்லை, ஒன்றிரண்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வில்லையில் தூசி இருந்தால் பரவாயில்லை, உள்பக்கம் வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு நட்சத்திரத்தை ஃபோகஸிலிருந்து உள்ளும் வெளியும் நகர்த்தும்போது வளையங்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி வட்டமாக இருக்க வேண்டும். ஆடி மங்கியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம், மறுபடி அலுமினியம் பூசிக்கொள்ள முடியும். மவுண்டைப் பூட்டிய நிலையில் கையால் இரண்டு அச்சிலும் மெல்ல ஆட்டிப் பார்த்து, லொடலொடவென்று ஆடினால் கியரைத் திருத்த ஆகும் செலவைக் கேட்டுக்கொண்டு பிறகு பேரம் பேசுங்கள்.